சோதித்தறிதல் அவிசுவாசமாகுமா?

மலாக்கா நகரிலே செயிண்ட் பால் குன்றின்மேல் ஏறிச் சென்றவர்கள், இடிந்து நிற்கும் பழைய தேவாலயத்தின் முன்னே புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை வலக்கை இல்லாமல் நிற்பதைக் கண்டிருப்பார்கள். 1553-ஆம் ஆண்டில் அவருடைய உடல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படுமுன் சில மாதம் வைக்கப்பட்டிருந்தது அந்தத் தேவாலயத்திலேதான். அச்சிலை 1952-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நிறுவிய மறுநாளே ஒரு சவுக்கு மரம் விழுந்து அதன் வலக்கையை முறித்துவிட்டது என்பர். சவேரியாரின் உடலிலிருந்து 1614-ஆம் ஆண்டில் வலது முன்கை எடுக்கப்பட்டு ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டதும் சரித்திரம்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவர்களில் ஒரு சாரார், “இஃது ஓர் அடையாளம்” என்று வியப்பர். மற்றொரு சாரார், “மரம் விழுந்தது, கை முறிந்தது, அவ்வளவே” என்பர். இந்த வியப்பினால் எவர்க்கும் கேடில்லை. சிலையின் கை முறிந்தது கண்டு எவரும் தம் வீட்டை விற்றதில்லை; எவரும் தம் குழந்தைக்கு மருந்தை மறுத்ததில்லை. ஆயினும் அடையாளத்தைக் கண்டவுடன் ஆராய்ச்சியைக் கைவிடுகின்ற மனம் ஒன்று நம் எல்லோரிடத்திலும் உண்டு. குன்றின்மேல் கேடின்றி வியக்கின்ற அதே மனந்தான், கீழே இறங்கி வந்தபின், “கர்த்தர் உனக்குச் சொல்லச் சொன்னார்” என்று ஒருவர் தலைமேல் கைவைத்துச் சொல்லும்போது, யாதொரு கேள்வியும் கேளாமல் பணத்தையும் பிள்ளையையும் அவர் கையில் ஒப்புவித்துவிடுகிறது. இந்நோய் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று; எல்லாச் சமயத்தாரிடத்திலும் உண்டு. எனினும் இன்று கிறிஸ்தவ நேயர்களை நோக்கியே சில வார்த்தை எழுதப் புகுகின்றோம்.

கேள்வி இது: ஒருவர் தேவனுடைய நாமத்தினால் பேசும்போது அவர் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது அவிசுவாசமாகுமா? ஆகும் என்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். “அவர் நல்லவர், பக்திமான், கண்ணீர்விட்டு ஜெபிக்கிறார், அவரைச் சந்தேகிக்கலாமா?” என்கிறார்கள். நல்லவர் என்பதே போதுமான காவலாகுமா என்பதை நம் இனத்தார் சம்பந்தப்பட்ட ஒரு சரித்திரத்தைக் கொண்டே பார்ப்போம்.

1860-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலே ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அதில் முன்னின்றவர் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் என்னும் தமிழர். மிஷனாரிச் சம்பளத்தை நாடாமல் ஊழியஞ் செய்தவர். ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டழுதனர், அந்நிய பாஷை பேசினர், தீர்க்கதரிசனம் உரைத்தனர். அவ்வலை பின்னர்த் திருவிதாங்கூரிலும் 1873-ஆம் ஆண்டையடுத்து எழும்பிற்று. அங்கே அதன் தலைவர்களில் ஒருவராக விளங்கியவர் ஜஸ்டஸ் ஜோசப். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலே ராமய்யன் என்ற பெயரோடு பிறந்து, 1861-ஆம் ஆண்டில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையில் குருவானவர். கல்வியிற் சிறந்தவராதலால் ‘வித்துவான் குட்டி’ என்றே ஜனங்கள் அவரை அழைத்தனர். ஜாதியையும் செல்வாக்கையும் துறந்து வந்தவர். பாடல் இயற்றுவதில் வல்லவர். இவரைக் காட்டிலும் நம்பத்தக்கவர் யார்?

அவரும் அவரைச் சார்ந்தோரும் 1875-ஆம் ஆண்டில், தங்களுக்கு அருளப்பட்ட தீர்க்கதரிசனத்தின்படி கிறிஸ்து 1881-ஆம் ஆண்டில் திரும்ப வருவார் என்று அறிவித்தனர். ஆங்கிலிக்கன் சபையிலிருந்தும் சிரியன் சபையிலிருந்தும் ஜனங்கள் பிரிந்து அவர் பின்னே சென்றனர். ‘ஆறு வருஷக்காரர்’ என்ற பெயரும் அக்கூட்டத்தார்க்கு உண்டாயிற்று. 1881-ஆம் ஆண்டு வந்தது, போயிற்று. வானம் திறக்கவில்லை. பலர் தத்தம் பழைய சபைக்குத் திரும்பினர். எஞ்சியவரோ பிழையை ஒப்புக்கொள்ளாமல், தீர்க்கதரிசனத்துக்கு வேறு பொருள் கற்பித்துக்கொண்டு, ‘யுயோமயம்’ என்னும் புதிய சபையாக அமைந்தனர்.

இதிலே கவனிக்கத்தக்க விஷயம் யாது? ஜஸ்டஸ் ஜோசப் வஞ்சகர் என்று சொல்ல யாதொரு ஆதாரமும் இல்லை. அவர் தாமே தம் வார்த்தையை நம்பினார். மாணவர்க்கும் தெரிந்த வேதவசனம் ஒன்று, அந்த நாளையும் நாழிகையையும் பிதாவையன்றி ஒருவரும் அறியார் என்று தெளிவாக உரைக்கின்றது. அந்த வசனத்தைப் பல்லாயிரம் முறை வாசித்திருந்த குருவானவரும், அதைக் கேட்டிருந்த ஜனங்களும், உணர்ச்சிப் பெருக்கிலே அதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டனர். கள்ளத் தீர்க்கதரிசி என்றவுடன் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயை நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். ஆனால் தான் ஓநாய் என்பதைத் தானே அறியாத ஆடும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி, இதற்கு நேர் எதிரான ஒருவரைப் பார்ப்போம். தென்கொரியாவிலே லீ ஜாங்-ரிம் என்பவர் 1992-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் தேதி விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று போதித்தார். ஜனங்கள் வேலையை விட்டனர், வீட்டை விற்றனர், விற்ற பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்தனர். அவரைப் போலீசார் பிடித்து விசாரித்தபோது, அவர் தமக்காக வாங்கி வைத்திருந்த கடன்பத்திரங்கள் 1993-ஆம் ஆண்டில் முதிர்வன என்பது வெளியாயிற்று! மோசடிக் குற்றத்துக்காக அவர் சிறைசென்றார்.

ஒருவர் உண்மையாகவே நம்பினார். மற்றவர் ஏய்த்துப் பணம் சேர்த்தார். இருவர் உள்ளமும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேற்றுமையுடையன. ஆனால் பின்சென்றவர்களின் கதியோ பெரும்பாலும் ஒன்றே. ஆகவே, போதகர் மனத்தினுள்ளே புகுந்து அவர் நல்லவரா தீயவரா என்று தேடிக்கொண்டிருப்பது நம் வேலையன்று. அது நமக்கு இயலாததும் ஆகும். கண்ணீரை அளக்க ஒரு கருவியும் இல்லை. சொல்லை அளக்கவோ கருவி உண்டு. போதகரின் உண்மையன்று, கேட்பவரின் விழிப்பே காவல் என்பதுதான் நாம் சொல்ல விரும்பும் ஒரே விஷயம்.

ஆசகானிலும் ஜாசினிலும் அலோர்காஜாவிலும் ரப்பர் மரம் வெட்டி வாழ்ந்த குடும்பத்தார்க்கு இது புதிய பாடமன்று. பால் நிறுக்குமிடத்தில் கிராணியார் வாளியைக் கண்ணாற் பார்த்தவுடனே கணக்கெழுதிவிட்டாரா? பாலை நிறுத்தார், கருவியை இட்டு, அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சோதித்தார், அதன் பிறகே எழுதினார். நேர்மையாக வெட்டிய தொழிலாளிக்கு அச்சோதனையால் அவமானம் ஒன்றும் இல்லை. தண்ணீர் கலந்தவனே சோதனைக்கு அஞ்சினான். ஒரு வாளிப் பாலுக்கு இருந்த சோதனை ஆத்துமாவுக்கு வேண்டாவா?

நிற்க. வேதம்தான் என்ன சொல்லுகிறது? ஆவிகள் எல்லாவற்றையும் நம்பாமல் அவை தேவனால் உண்டானவையோ என்று சோதிக்கும்படி யோவான் தம் நிருபத்தில் கட்டளையிடுகிறார். பெரோயா பட்டணத்தார், பவுல் அப்போஸ்தலர் சொன்னதையே நாள்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தனர். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை, நற்குணசாலிகள் என்று புகழப்பட்டனர். பவுலையே சோதித்துப் பார்க்கலாமென்றால், நேற்று விமானத்தில் வந்திறங்கி நாளை திரும்பிப் போகும் பிரசங்கியாரைச் சோதிக்கலாகாதோ? எவர் வாய்க் கேட்ட போதிலும் அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவென்று வள்ளுவரும் நமக்குச் சொல்லிப் போயிருக்கிறார். சோதித்தல் அவிசுவாசமன்று; விசுவாசிக்கு இடப்பட்ட கடமை.

சோதிக்கும் முறை யாது? முதலாவது, வேதம் நம் கையில் இருக்க வேண்டும். அதை நாமே வாசிக்க வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழிலே மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டில் அச்சாகி முடிந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழன் வீட்டில் தமிழிலே இருக்கின்ற புத்தகம் அது. அதைத் துணியிற் சுற்றித் தலையணையின் கீழ் வைத்துவிட்டு, மேடையிலிருந்து விழும் ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் குற்றம் யாருடையது? ஒரு வசனத்தை எவரும் எப்பக்கமும் திருப்பலாம். அதன் முன்னும் பின்னும் வாசித்தவனைத் திருப்புதல் எளிதன்று.

இரண்டாவது, அற்புதத்தைக் கண்டு மயங்கலாகாது. அடையாளம் சொன்னபடியே பலித்தாலும், அதைக் காட்டினவன் தேவனைவிட்டு வேறு வழியில் அழைத்தால் அவனுக்குச் செவிகொடாதே என்று உபாகமம் எச்சரிக்கின்றது. அமெரிக்கரான ஜிம் ஜோன்ஸ், தொடக்கத்தில் ஏழைகளுக்கு உணவளித்து, வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே சபையில் உட்கார வைத்துப் புகழ்பெற்றார். நோய் தீர்ப்பதாக அவர் காட்டியவை ஏற்பாடு செய்யப்பட்ட வேஷங்கள் என்று அவருடன் இருந்தவர்களே பின்பு சொன்னார்கள். 1978-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் தேதி கயானா நாட்டுக் காட்டிலே அவரைச் சார்ந்தவர்கள் 900 பேருக்குமேல், குழந்தைகள் உட்பட, மாண்டு கிடந்தனர். முதலிற் கண்ட நற்செயலும் அற்புதமும் முடிவுக்குப் பிணையாகவில்லை.

மூன்றாவது, பணம். நாகமானின் குஷ்டம் நீங்கியபோது எலிசா தீர்க்கதரிசி ஒரு காசும் வாங்கவில்லை. பின்னாலே ஓடிப்போய் வாங்கிய கேயாசியையே குஷ்டம் பற்றிக்கொண்டது. தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கப் பார்த்த சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டார். சபை நடப்பதற்குக் காணிக்கை வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், “இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய்” என்று விலை பேசப்படும் இடத்திலே ஆசீர்வாதம் விற்பனைச் சரக்காகிவிட்டது என்று அறிக. முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமநிதியைக் கேட்கிறவர், தம் வரவு செலவுக் கணக்கைச் சபையார் முன் வைப்பாரா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபம் பதிலாக வந்தால், அக்கோபமே பதில்.

நான்காவது, தனிமை. “இதை உன் புருஷனிடம் சொல்லாதே, உன் போதகரிடம் சொல்லாதே” என்று வருகின்ற வெளிப்பாடு எதையும் நம்பலாகாது. தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்பதே பவுல் கொரிந்து சபைக்கு வகுத்த ஒழுங்கு. இன்று கைத்தொலைபேசியிலே நள்ளிரவில் தனியே கேட்கப்படும் பிரசங்கத்துக்கு அருகிலிருந்து நிதானிப்பவர் ஒருவரும் இல்லை. மறுநாள் அதை நாலு பேர் நடுவில் வைத்துப் பேசிப்பாருங்கள். இருளிற் பொன்னாகத் தோன்றியது பகலிற் பித்தளையாகத் தோன்றக் கூடும்.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஒரு தோட்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வந்த ஊழியக்காரர் ஜெபித்துவிட்டு, “இனி மருந்து கொடுத்தால் அது அவிசுவாசம்” என்று சொல்லிப் போய்விடுகிறார். தாய் மருந்துப் போத்தலை ஒரு கையிலும் குழந்தையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு விழிக்கிறாள். இவ்விடத்திலே நாம் மேலே சொன்ன ஆராய்ச்சியெல்லாம் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. அந்தத் தாய்க்கு ஒன்று சொல்லுவோம்: சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர். பவுல் தம் அன்புக்குரிய வைத்தியன் என்று அவரைக் குறித்திருக்கிறார். ஜெபத்தையும் மருந்தையும் பகையாக்கியவர் தேவனல்லர். அம்மா, ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியானால் எழுப்புதல், தீர்க்கதரிசனம், ஆவியின் வரம் யாவற்றையும் பொய்யென்று தள்ளிவிடலாமோ என்று சிலர் கேட்பர். அதுவும் தவறே. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாமல், எல்லாவற்றையும் சோதித்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஜஸ்டஸ் ஜோசப்பின் தீர்க்கதரிசனம் பொய்த்தது. ஆனால் அவர் இயற்றிய பாடல்களோ கேரளத்துத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. தேதியைத் தள்ளிப் பாட்டை வைத்துக்கொண்ட அந்த ஜனங்களே, பாலினின்றும் தண்ணீரைப் பிரித்தறிந்தவர்கள்.

எல்லாவற்றையும் நம்புகிறவனுக்கும், ஒன்றையும் நம்பாதவனுக்கும் வேலை குறைவு. இருவரும் சிந்திக்க வேண்டியதில்லை. நடுவே நின்று சோதிக்கிறவனுக்கே உழைப்பு அதிகம். உழைத்தே வாழ்ந்த நம் ஜனங்கள் இந்த உழைப்புக்கும் பின்வாங்கமாட்டார்கள் என்று நம்புகின்றோம்.