குற்றச் சக்கரவர்த்தியும் அங்குலிமாலரும்



சென்ற பௌர்ணமியன்று தில்லி லக்ஷ்மிபாய் நகரில் ஓர் உபாசகர் இல்லத்தில் கூடியிருந்தோம். அரசாங்க ஊழியர் குடியிருப்பாகிய அந்நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உண்டு. அங்குப் பயிலும் சிறுவன் ஒருவன், பஞ்சசீலம் ஓதி முடிந்ததும், தன் தந்தை பாதுகாத்து வைத்திருந்த பழைய லயன் காமிக்ஸ் ஒன்றைக் கையிலேந்தி எழுந்தான். "ஐயா, ஸ்பைடர் திருந்தியிருக்க வேண்டுமா? கெட்டவனாக இருந்தபோதுதானே கதை நன்றாயிருந்தது?" என்று வினவினான். பெரியோர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை. அவ்வினா எம் நெஞ்சிலே தைத்தது.

ஸ்பைடர் 1965-ல் ஆங்கிலேயரின் வார இதழொன்றில் பிறந்தவன். சிவகாசியில் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியே தமிழ்ப் பிள்ளைகளின் உள்ளத்தில் குடிபுகுந்தான். தன்னைத் தானே குற்றச் சக்கரவர்த்தி என்று பறைசாற்றிக்கொண்டு, பூட்டுடைக்கும் வல்லுநன் ஒருவனையும் விஞ்ஞானி ஒருவரையும் துணைக்கொண்டு, நியூயார்க் நகரில் குற்ற சாம்ராஜ்யம் நிறுவ முற்பட்டவன். பின்னர்க் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். 1972-ல் முத்து காமிக்ஸின் முதலிதழிலேயே வந்த இரும்புக்கை மாயாவியும் குற்றம் புரிந்து, பிறகு நல்வழிக்கு வந்தவனே.

ஆயினும் ஸ்பைடரின் மாற்றத்தை உற்று நோக்குங்கள். அவன் மாற்றியது தன் எதிரிகளை. திருடுவதில் தானே முதல்வன் என்று செருக்குற்றவன், திருடரை வெல்வதிலும் தானே முதல்வன் என்று செருக்குற்றான். அகந்தை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆதலின், சிறுவனுக்குச் சுவை குன்றியதில் வியப்பில்லை.

பகவான் புத்தர் காலத்துக் கோசல நாட்டில் அங்குலிமாலன் என்னும் கொடியோன் இருந்தான். கொன்றவர் விரல்களைக் கோத்து மாலையாக அணிந்தவன். பகவர் மெல்ல நடக்க, அவன் முழுவேகத்தில் ஓடியும் எட்ட இயலவில்லை. நில் என்று கூவினான். தாம் நின்றுவிட்டதாகவும், நில்லாதவன் அவனே என்றும் பகவர் உணர்த்தினார். அவன் வாளை எறிந்து துறவு பூண்டான்.

நம்மவர் பலர் இத்துடன் கதையை முடித்துவிடுகின்றனர். சூத்திரமோ முடிக்கவில்லை. பிட்சைக்குச் சென்ற அங்குலிமாலர் மீது கல்லும் தடியும் வந்து வீழ்ந்தன. தலை பிளந்து குருதி ஒழுக, ஓடு உடைய, ஆடை கிழியத் திரும்பி வந்தார். கல்லெறிந்தோரைப் பகவர் பழிக்கவில்லை. செய்த வினையின் பயனை இப்பிறவியிலேயே நுகர்கின்றாய், பொறுத்துக்கொள் என்றார். மேலும் அவரைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடியதால், பேர்பெற்ற கள்வரை இனிச் சங்கத்திற் சேர்க்கலாகாதென்ற விதியும் பிறந்ததாக விநய பிடகம் கூறுகின்றது. அதன்பொருட்டு உள்ளே வந்துவிட்ட அங்குலிமாலரை வெளியேற்றவுமில்லை. அஞ்சியவரின் அச்சத்திற்கும் மதிப்பு, திருந்தியவனுக்கும் இடம். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்குவதே தம்மம்.

இனி எம் குறையைச் சொல்லுவோம். யாம் மில்லில் நூற்புப் பகுதியில் உழைத்த நாளில், தோழன் ஒருவன் எங்கள் தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டு ஓடினான். அவ்வாண்டு எங்கள் வரிசை வீடுகளில் குழந்தைகளுக்குப் புதுத்துணி இல்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவன் திரும்பினான். கூலிவேலை செய்து, மாதந்தோறும் சிறுதொகையாக ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்துத் தீர்த்தான். எம் வீட்டில் எம் மனைவியே அதனை வாங்கி வைத்தாள். கடைசித் தவணையன்று அவன் வாசலில் நின்று, "அண்ணே, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகலாமா?" என்றான். யாம் கதவைச் சாத்தினோம்.

ஏன் சாத்தினோம்? பணம் வந்துவிட்டது. அச்சமும் இல்லை. அவன் கள்வனாகவே இருந்தால்தான் அவனருகில் யாம் உத்தமராய் விளங்குவோம். அவன் திருந்திவிட்டால் எமக்கு அப்பெருமை ஏது? கதைப்புத்தகத்து வில்லனைக் கெட்டவனாகவே காண விரும்புதல் பிள்ளைகளின் விளையாட்டு. அடுத்த வீட்டு மனிதனை அவ்வாறே காண விரும்புதல் பாவம். அவன் இப்போது உயிரோடில்லை. அவன் செலுத்தவேண்டியதைச் செலுத்திவிட்டான். ஒரு குவளைத் தேநீர் எம் கடனாய் நிற்கின்றது.

சிறுவனுக்கு யாம் கூறிய விடை இது: "தம்பி, ஸ்பைடர் திருந்தத்தான் வேண்டும். ஆனால் ஒரே பக்கத்தில் திருந்தக்கூடாது. கல்லடியும் படவேண்டும், கடனும் தீர்க்கவேண்டும், செருக்கும் அழியவேண்டும். அப்படி ஒருவர் எழுதினால், அது கெட்டவன் கதையைவிடச் சுவையாயிருக்கும்."

அன்பர்களே! உங்கள் வாசலிலும் யாரேனும் நின்றுகொண்டிருக்கலாம். அவர் செய்ததை மறக்கவேண்டுமென யாம் சொல்லவில்லை. தாழ்ப்பாளை மட்டும் நீக்குங்கள்.

உயிர்கள் அனைத்தும் நலம் பெறுக! சாது! சாது! சாது!