கூடாரத்தில் சட்டம் யாருக்காக?



ஆடியும் ஆவணியும் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு உண்டாகிவிடும். பரணில் கிடந்த படங்கை இறக்கி வெயிலில் விரித்து, எங்கே ஓட்டை என்று பார்ப்பார் ஒருவர். அரிசியையும் பருப்பையும் அளந்து மூட்டை கட்டுவார் இன்னொருவர். பிள்ளைகளோ நித்திரை கொள்ள மாட்டார்கள். மடுவுக்குப் போகிறோம் அல்லவா!

முற்காலத்தில் கூடார மாட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுப் பாதையில் சென்றன. பின்னர் புகையிரதம் வந்தது. இன்று பஸ்களும் வான்களும் நிறைந்துவிட்டன. ஆயினும் போய்ச் சேர்ந்தபின் வாழும் வாழ்வு பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு மரத்தடி, நான்கு கம்பு, ஒரு படங்கு, மூன்று கல் அடுப்பு. பலருக்கு இதுவே வீடு. ஆடி 2ஆம் நாள் திருவிழாவுக்கும் ஆவணி 15ஆம் நாள் பெருவிழாவுக்கும் நவநாள் முழுவதும் இப்படித் தங்குவோர் பலர். தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் பிற சமயத்தவரும் அடுத்தடுத்த கூடாரங்களில் படுத்தெழும்புகின்றனர். காட்டின் நடுவே சில நாட்களுக்கு ஒரு நகரம் எழுகிறது, பின் மறைகிறது.

இந்த நகரத்துக்கும் சட்டங்கள் உண்டு. ஒலிபெருக்கியில் அவை வாசிக்கப்படுகின்றன. தண்ணீரை வீணாக்காதீர்கள், கண்ட இடத்தில் அசுத்தம் செய்யாதீர்கள், மது அருந்தாதீர்கள், அடுப்பை அணைத்துவிட்டுப் படுங்கள், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நம்மில் சிலர் முணுமுணுக்கிறோம். “வீட்டிலும் சட்டம், கந்தோரிலும் சட்டம். நேர்த்திக்கடன் தீர்க்க வந்த இடத்திலுமா சட்டம்? பக்தி இருந்தால் போதாதா?”

இக்கேள்வியை அற்பமானதென்று தள்ளிவிட வேண்டாம். சட்டம் யாருக்காக இருக்கிறது என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

புனித அக்குவினாஸ் தோமையார் சட்டத்துக்கு நான்கு இலக்கணங்கள் கூறினார். அது அறிவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொது நன்மையை நோக்கியதாக இருக்க வேண்டும். சமூகத்தின் பொறுப்பை ஏற்றவரால் ஆக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் அறிவிக்கப்பட வேண்டும். ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் அந்தச் சிறிய அறிவித்தலை இந்த நான்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்டின் சட்டங்கள் சில இச்சோதனையில் தவறினாலும், தண்ணீரை வீணாக்காதே என்ற கூடாரத்துச் சட்டம் தவறுவதில்லை.

வீட்டில் நமக்குச் சுவர் இருக்கிறது. என் இருமல், என் கோபம், என் வானொலி, என் அடுப்புப் புகை யாவும் ஓரளவுக்கு என் வளவுக்குள் அடங்கிவிடுகின்றன. கூடாரத்தில் சுவர் என்பது ஒரு சீலை. இரவு பத்து மணிக்கு நான் உரக்கச் சிரித்தால் மூன்றாம் கூடாரத்துக் குழந்தை விழித்து அழுகிறது. வீட்டில் கல்லும் சாந்தும் செய்த வேலையை இங்கே நம் ஒழுக்கமே செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே கூடாரத்தில் சட்டம் குறைவாக அல்ல, கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இதை வேதாகமம் நன்கு அறிந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்த ஒரு மக்களினத்தின் வரலாறு அதில் உண்டு. எண்ணாகமத்தைத் திறந்து பாருங்கள். சந்நிதிக் கூடாரம் நடுவிலே. அதைச் சூழ லேவியர். நான்கு திசைகளிலும் திசைக்கு மூன்றாகப் பன்னிரு கோத்திரங்கள். எவர் எங்கே பாளயமிறங்குவது, எவர் முன்னே புறப்படுவது என்பதெல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உபாகமத்தின் 23ஆம் அதிகாரமோ நாம் பிரசங்கத்தில் சொல்லக் கூசும் ஒரு காரியத்தையும் விட்டுவைக்கவில்லை. மலங்கழிக்கப் பாளயத்துக்கு வெளியே ஓரிடம் இருக்க வேண்டும். ஆயுதங்களோடு மண் தோண்டும் கருவியொன்றும் வைத்திருக்க வேண்டும். தோண்டி, மூடிவிட்டு வரவேண்டும். இதற்குச் சொல்லப்படும் காரணம் என்ன தெரியுமா? ஆண்டவர் பாளயத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே! மலசலகூடத்தைச் சுத்தமாக வைப்பது சுகாதாரப் பரிசோதகரின் கவலை மட்டுமே என்று எண்ணுபவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நன்று.

இன்னுமொன்று உண்டு. இஸ்ராயேல் மக்கள் எகிப்திலிருந்து வெளியேறி வந்த வழியில் அமலேக்கியர் அவர்களைத் தாக்கினர். அவர்களுடைய குற்றம் எதுவென்று உபாகமம் தனியே எடுத்துக் கூறுகிறது: களைத்து, இளைத்து, பின்தங்கிப்போனவர்களை அவர்கள் வெட்டினார்கள். பாளயத்தின் பிரயாண ஒழுங்கிலோ தாண் கோத்திரத்தார் எல்லோருக்கும் பின்னே வரும்படி நியமிக்கப்பட்டிருந்தார்கள். கூட்டமாகப் போகும்போது முன்னே போக எல்லோரும் ஆசைப்படுவர். கடைசியில் வருபவனுக்குக் காவலாக ஒருவரை வைப்பதே சட்டத்தின் வேலை. எந்த முகாமிலும் சட்டத்தின் தரத்தை அளக்க வேண்டுமானால், அதன் வால்ப்பகுதியில் நடப்பவர்களைப் பாருங்கள்.

திருக்குடும்பமும் கூட்டமாக யாத்திரை சென்ற குடும்பமே. பன்னிரண்டு வயதுப் பாலகனோடு யெருசலேமுக்குப் போய்த் திரும்பும் வழியில், பிள்ளை யாத்திரிகர் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணிப் பெற்றோர் ஒருநாள் தூரம் நடந்துவிட்டனர். மாதாவையும் சூசையப்பரையும்விடக் கவனமுள்ள பெற்றோர் உண்டோ? ஆயினும் கூட்டம் என்றால் இப்படித்தான். “யாராவது பார்ப்பார்கள்” என்ற எண்ணம் நல்லவர் உள்ளத்திலும் நுழைந்துவிடுகிறது. தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடுகிறது, யாராவது பூட்டுவார்கள். அடுப்பில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது, யாராவது அணைப்பார்கள். அந்த “யாராவது” என்பவருக்கு ஒரு பெயர் கொடுப்பதே சட்டம். அவர் பெயர் “நீ”.

இதுவரை வாசித்தவர்கள், சட்டத்தைக் கடுமையாகக் காப்பதே அறம் என்று சுவாமியார் சொல்ல வருகிறார் என எண்ணக்கூடும். அப்படியானால் என் சொந்தக் குற்றமொன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் குருமட மாணவனாக இருந்த காலத்தில், ஒரு திருவிழாவின்போது தண்ணீர்த் தாங்கிக்குப் பொறுப்பாக விடப்பட்டேன். இடம் எது என்பது இங்கே வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குக் குழாயைப் பூட்ட வேண்டும். விடிய நான்கு மணிக்குத் திறக்க வேண்டும். இடையில் தாங்கி நிரம்ப வேண்டும் என்பதற்கான நல்ல சட்டம். இரவு பத்து மணியளவில் ஒரு பெண் கையில் போத்தலோடு வந்தாள்.

“பிரதர், பிள்ளைக்குக் காய்ச்சல். சத்தியும் எடுக்குது. இந்தப் போத்தலுக்குள்ள மட்டும் விட்டால் போதும்.”

“அக்கா, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நாலு மணிக்கு வாங்கோ” என்றேன். என் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது என்பதை இன்றும் மறக்கவில்லை.

அவள் வாதாடவில்லை. போய்விட்டாள். அரை மணித்தியாலம் கழித்து ஒரு வான் வந்து நின்றது. விழாக் குழுவின் பெரியவர் ஒருவர் என் தோளில் கைபோட்டார். “பிரதர், இவை எங்கட உபகாரிகள். தூரத்திலிருந்து வந்திருக்கினம். ஒருக்கால் குளிக்க விடுங்கோ.” நான் திறப்பை எடுத்துக் குழாயைத் திறந்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் மண்ணில் ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது, பக்கத்துக் கூடாரத்து வெளிச்சத்தில், யாரிடமோ இரந்து வாங்கிய அரைப் போத்தல் தண்ணீரோடு அந்தப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

விடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். படங்கு அவிழ்க்கப்பட்டிருந்தது. முதல் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள் அயலவர்கள். அந்தப் பிள்ளை சுகமடைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பலியில் பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கும்போது சில நாட்களில் அந்தப் போத்தல் என் நினைவுக்கு வருகிறது.

அன்று நான் செய்த பிழை சட்டத்தைக் காத்ததா, சட்டத்தை மீறியதா? இரண்டுமே பிழைதான், வாசகரே. காக்க வேண்டிய இடத்தில் மீறினேன். தளர்த்த வேண்டிய இடத்தில் காத்தேன். இதே தோமையாரின் நூலில், முற்றுகையிடப்பட்ட நகரத்தின் உவமை ஒன்றுண்டு. வாயில்கள் மூடியிருக்க வேண்டும் என்பது அந்நகரின் சட்டம். ஆனால் நகரைக் காக்கும் வீரர்களே எதிரியால் துரத்தப்பட்டு வாயிலுக்கு ஓடிவந்தால், திறந்துவிடுவதுதான் அச்சட்டத்தின் நோக்கத்துக்கு ஏற்றது. இதைப் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் பெற்றிருந்தேன். வாயில் என் கையிலிருந்த நாளில் உவமை நினைவுக்கு வரவில்லை.

“அப்படியானால் ஒவ்வொருவரும் தமக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு வருவார்களே, ஒழுங்கு நிற்குமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் சட்டத்தை ஆக்கும்போதே இரக்கத்துக்கும் அதில் இடம் வைக்க வேண்டும். நோயாளருக்கும் கைக்குழந்தைகளுக்குமென ஒரு பீப்பாய்த் தண்ணீரைப் புறம்பாக வைத்திருந்தால், அன்றிரவு சட்டமும் நின்றிருக்கும், பிள்ளையும் குடித்திருக்கும். இரக்கத்தைக் காவல் நிற்பவனின் மனநிலைக்கு விட்டுவிடும் சட்டம் பாதிச் சட்டமே. மற்றப் பாதிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. சட்டம் எனக்குப் பாரமாக இருக்கும்போது அதைக் காக்கிறேனா? எளியவனுக்குத் தாங்க முடியாத பாரமாக இருக்கும்போது அதைத் தளர்த்துகிறேனா? நம்மில் பலர் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். வான் வந்தால் கதவு திறக்கிறது. போத்தல் வந்தால் சட்டம் பேசுகிறது. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்று நம் ஆண்டவர் கூறியபோது, எந்த மனிதனை நினைத்துக் கூறினார்? பசியோடு கதிர் கொய்தவர்களை அல்லவா!

மடுவில் கூடாரம் அடிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. அந்த மண்ணின் கதையே ஓடிவந்தவர்களின் கதை. 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் காலத்து நெருக்கடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் புகுந்த குடும்பங்களைப் பற்றியே நம் மரபு பேசுகிறது. 1990களில் போரினால் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் அதே மரங்களின் கீழ் கொட்டில் போட்டு வாழ்ந்தனர். 1999 கார்த்திகை 20ஆம் நாள் எறிகணை வீழ்ந்து, அங்கே தஞ்சமிருந்தவர்களில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். 2008 சித்திரையில் அன்னையின் சுரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஆவணியில் திரும்பி வந்தது. நாம் ஒன்பது நாட்கள் விரும்பிப் படுக்கும் தரையில், வேறு வழியின்றி ஆண்டுக்கணக்காகப் படுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாளி தண்ணீர் என்பது யாத்திரையின் ஒறுத்தல் அல்ல, அன்றாட உயிர். அந்தத் தரையில் தண்ணீரை வீணாக்குவதும், பொலித்தீனை எறிந்துவிட்டு வருவதும், மது அருந்திக் கூச்சலிடுவதும் வெறும் ஒழுங்கீனம் அல்ல, நன்றிகெட்ட செயல்.

ஆகவே இம்முறை புறப்படும்போது, அரிசி மூட்டையோடு சில தீர்மானங்களையும் கட்டிக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் இடம் பிடிக்காதீர்கள். கயிறு கட்டி “எங்கட ஆக்கள் வருவினம்” என்று மறிக்கும் நிலத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் படுக்கக்கூடும். வரிசையில் முதியவரை முன்னே விடுங்கள். இரவு மணி அடித்தபின் குரலைத் தாழ்த்துங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் பெயரும் பங்கும் எழுதிய துண்டொன்றை வையுங்கள். தனித்து நிற்கும் பிறர் பிள்ளையைக் கண்டால் கைப்பிடித்துக் கொண்டுபோய் ஒப்படையுங்கள். வந்த முதல் நாளே பக்கத்துக் கூடாரத்தவரின் பெயரைக் கேட்டறியுங்கள். மொழி தெரியாவிட்டால் ஒரு கோப்பைத் தேநீர் பேசும். புறப்படும் நாளில் அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கம்பு நட்ட குழியை மூடி, குப்பையைப் பொறுக்கிவிட்டு ஏறுங்கள். பொறுப்பாக நியமிக்கப்பட்ட இளைஞர்களே, திறப்பு உங்கள் கையில் இருக்கும்போது, அது யாருக்காக உங்களிடம் தரப்பட்டது என்று ஒருகணம் எண்ணிப்பாருங்கள்.

வார்த்தையானவர் மாமிசமாகி நம்மிடையே குடிகொண்டார் என்று மூவேளைச் செபத்தில் சொல்கிறோம். அருளப்பர் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள், நம்மிடையே கூடாரமடித்தார் என்பதே. அவருடைய கூடாரம் எதுவென்று தேடிக்கொண்டு நாம் தூரம் போகவேண்டியதில்லை. பெரும்பாலும் அது சீலைக்கு அந்தப் பக்கம், காய்ச்சற்காரப் பிள்ளை முனகும் கூடாரமாகத்தான் இருக்கும்.