ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் உண்டா?

சில கேள்விகள் கேட்பதற்கு எளியவை. பதில் சொல்லப் புகுந்தால்தான் அவற்றின் கனம் தெரியும். அத்தகைய கேள்வி ஒன்றை இம்மாதம் வாசகர்களின் சிந்தனைக்கு முன்வைக்கிறோம். ஒரு பொருள் அள்ள அள்ளக் குறையாமல் நம் கண்ணெதிரே கொட்டிக் கிடக்கிறது. அதிலிருந்து நாம் தேவைக்கு மேல் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்கும் நஷ்டம் இல்லையென்றால் அதை ஏன் குற்றம் என்று சொல்ல வேண்டும்?

உளூவின் பாடத்தை நடத்தும் எந்த ஆலிமும் இதற்கு உடனே விடை சொல்லிவிடுவார். ஸஅத் (ரலி) அவர்கள் உளூச் செய்துகொண்டிருந்த இடத்தின் வழியாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சென்றபோது, இது என்ன வீண்விரயம் என்று கேட்டார்கள் என்றும், உளூவிலுமா வீண்விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) வியந்தபோது, ஓடுகிற ஆற்றின் அருகில் இருந்தாலும் உண்டு என்று விடை பகர்ந்தார்கள் என்றும் இப்னு மாஜாவில் காண்கிறோம். இதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் சிலர் கூறியுள்ளனர். ஆயினும் கருத்தில் ஐயமில்லை. கடற்கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பாடத்தைப் பத்தாண்டுகளுக்கு மேலாக நாமும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். சொல்லி வந்தோமே தவிர, அதன் பொருள் நம் உள்ளத்தில் இறங்கவில்லை என்பதை ஓர் ஆற்றங்கரையில்தான் அறிந்துகொண்டோம். நடந்ததை மறைக்காமல் எழுதுவதே நியாயம்.

வாழச்சால் வழியில்

சென்ற அரையாண்டு விடுமுறையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த சில குடும்பத்தார், அதிரப்பள்ளி அருவியைக் காணப் புறப்பட்டார்கள். நம்மையும் உடன் வரும்படி அழைத்தார்கள். பஜ்ர் தொழுகை முடிந்ததும் பொள்ளாச்சியிலிருந்து வேன் கிளம்பிற்று. ஆழியாற்றைக் கடந்து, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, மலக்கப்பாறைச் சாவடியில் கேரள எல்லைக்குள் நுழைந்தோம். அங்கே வண்டியிலிருந்த பிளாஸ்டிக் புட்டிகளையும் பைகளையும் எண்ணிச் சீட்டில் குறித்தார்கள். மறுமுனையில் இறங்கும்போது கணக்குச் சரியாக இருக்க வேண்டுமாம். அவ்விடத்தில்தான் நமக்கு வழிகாட்டியாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தவரும் வண்டியில் ஏறினார்.

அவர் காடர் இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து மெதுவாகப் பேசுவார். அங்கிருந்து வாழச்சால் வரை அடர்ந்த மழைக்காடு. பகலிலும் பாதையில் நிழல் விலகாது. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓங்கி வளர்ந்த ஒரு மரத்தைக் காட்டினார். அது இருவாச்சி கூடு வைக்கும் மரம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். முட்டை பொரிந்து குஞ்சு வளரும் வரை வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பறவைதான் பழங்களைக் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியே ஊட்ட வேண்டும். சத்தத்தைக் கேட்டு ஆண் பறவை அஞ்சி விலகினால், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். “இங்கே கைதட்டக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது” என்றார். ஒரு சிறுவன், “நான் ஒரு தடவைதானே தட்டுவேன்?” என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டு, “ஒவ்வொரு வண்டியிலும் ஒருத்தன் அப்படித்தான் சொல்கிறான்” என்றார். எல்லாரும் சிரித்தோம். சிறுவனுக்குச் சொன்ன அந்தப் பதில் சற்று நேரத்தில் நமக்கும் தேவைப்படப் போகிறது என்பதை அப்போது அறியவில்லை.

வாழச்சாலை அடைந்தபோது லுஹர் நேரம் வந்துவிட்டது. அங்கே ஆறு செங்குத்தாக விழுவதில்லை. சரிந்த பாறைகளின் மீது நுரைத்துப் புரண்டு இறங்குகிறது. கரையோரம் தடுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கப்பால் பத்தடி தூரத்தில் தெளிந்த தண்ணீர். உளூச் செய்ய இதைவிடச் சிறந்த இடம் எது என்று நமக்குத் தோன்றிற்று. கயிற்றைத் தூக்கிக் குனிந்து அப்பால் சென்றோம். குழுவிலிருந்து இருவர் நம் பின்னால் வந்தார்கள்.

வழிகாட்டி விரைந்து வந்து, “உஸ்தாதே, திரும்புங்கள்” என்றார்.

நாம், “குளிக்க அல்ல, தொழுகைக்காகத்தான்” என்றோம். நம் குரலில் சற்றுக் கடுமை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்க்கக் கடமைக்காகச் செல்பவரை ஒரு கயிற்றைக் காட்டித் தடுப்பதா என்ற எண்ணம் உள்ளே எழுந்தது.

அவர் கோபப்படவில்லை. “பாறை உலர்ந்த மாதிரி தெரியும், மேலே பாசி இருக்கிறது. மேலே பெரிங்கல்குத்து அணையில் தண்ணீர் விட்டால் இங்கே திடீரென்று ஏறும். அதுவும் போகட்டும். நீங்கள் இறங்கினால் பின்னால் வருகிற எல்லாரும் இறங்குவார்கள். நீங்கள் தொழுகைக்காக இறங்கினீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். பிறகு தம் தோள்பையிலிருந்த எவர்சில்வர் புட்டியை எடுத்து, சீட்டுக் கொடுக்கும் இடத்துக் குழாயில் நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார். ஒரு லிட்டர் பிடிக்கும் புட்டி அது.

வெட்கத்துடன் அதை வாங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து உளூச் செய்தோம். உறுப்புகளை மும்மூன்று முறை கழுவி முடித்தபோது புட்டியில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் மீதியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு என்று விளக்குவார்கள். அத்தனை காலம் நூலில் படித்த அந்த அளவை, பெரும் ஆறு ஒன்று இரைந்து ஓடிக்கொண்டிருக்கும் கரையில் உட்கார்ந்து முதன்முறையாகக் கையால் உணர்ந்தோம்.

குறையவில்லையா?

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஆற்றில் ஒருவர் உளூச் செய்வதால் ஆறு குறைந்துவிடப் போவதில்லை. முகத்திலிருந்து வழியும் நீர் ஆற்றிலேயே சேர்ந்துவிடும். குழுவில் இருந்த வயது முதிர்ந்த ஹாஜியார் ஒருவர் வண்டியில் ஏறும்போது இதைத்தான் சொன்னார்: “கடலுக்குப் போகிற தண்ணீர்தானே ஹஜ்ரத், அதற்கு என்ன கணக்கு?”

கணக்கு உண்டு என்பதை அந்தப் பாதையே நமக்குக் காட்டியிருந்தது. அதிரப்பள்ளியில் விழுவது சாலக்குடி ஆறு. கேரளத்துப் பெரிங்கல்குத்து மின் நிலையம் 1957 முதல் இந்த ஆற்றின் நீரால் இயங்கி வருகிறது. அந்த அணையில் எவ்வளவு நீர் விடப்படுகிறதோ அதைப் பொறுத்தே அருவி பெருகுவதும் மெலிவதும். அதற்கும் மேலே சோலையாற்று அணைகள். இதே ஆற்றின் கிளையான பரம்பிக்குளத்தின் நீர், 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக நம் பக்கம் திரும்பி, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறது. நம் ஊர் பி.ஏ.பி. வாய்க்காலில் ஓடுவது, அந்த அருவியில் விழாமல் நமக்காகத் திருப்பப்பட்ட நீர். வாய்க்காலில் தண்ணீர் எந்த நாளில் வரும், எத்தனை நாள் வரும் என்று காத்திருக்கும் விவசாயி ஒருவர் அந்த ஹாஜியாரின் வீட்டிலேயே இருக்கிறார்! ஊரில் முறை வைத்துப் பாய்ச்சுகிற தண்ணீர், காட்டில் கண்டதும் கணக்கற்றதாகிவிடுமா?

ஆகவே, குறையவில்லை என்பது பெரும்பாலும் நம் கண்ணின் குறை. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது குறைவு தெரிவதில்லை. நமக்கு முன் எத்தனை பேர் வந்தார்கள், பின் எத்தனை பேர் வருவார்கள் என்பதும் தெரிவதில்லை. கைதட்டலைக் குறித்து வழிகாட்டி சிறுவனுக்குச் சொன்னது இதைத்தான். தனியொருவரின் செயலாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதது, எல்லாரும் தம்மைத் தனியொருவர் என்று எண்ணிக்கொள்ளும்போது பெருந்தீங்காகிறது.

உண்மையிலேயே குறையாவிட்டால்?

இங்கே ஒருவர் கேட்கலாம்: “கடல் குறையாது என்பது உறுதிதானே? அங்கே ஏன் விரயம் கூடாது என்றார்கள்?” நியாயமான கேள்வி. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கடற்கரையைக் குறிப்பிட்டிருப்பதிலேயே இதற்கு விடை இருக்கிறது. கடலுக்கு ஏற்படும் நஷ்டத்தை அவர்கள் கருதியிருக்க முடியாது. அப்படியானால் நஷ்டம் கடலிடம் இல்லை; விரயம் செய்பவரிடம் இருக்கிறது. இஸ்ராஃப் என்பது பொருளின் அளவைப் பொறுத்த குற்றமாக மட்டும் இருந்தால், பொருள் மிகுந்த இடத்தில் அது மறைந்துபோகும். அது மனிதனின் குணத்தைப் பற்றியதாதலால் எங்கும் அவனோடு கூடவே வருகிறது. ஆற்றங்கரையில் அளவின்றி இறைத்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்ததும் சுருங்கிக்கொள்ளுமா? நம் பள்ளிவாசல்களைப் பார்த்தாலே போதும். தலையை மஸ்ஹு செய்யும்போதும் குழாய் திறந்தேயிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் ஸலாமுக்குப் பதில் சொல்லி நலம் விசாரிக்கும்போதும் திறந்தேயிருக்கிறது. ஒரு முத்தில் முடியும் உளூவுக்கு எத்தனை முத்துக்கள் சாக்கடைக்குச் செல்கின்றன!

பஞ்சத்தில் சிக்கனம் பிடிப்பதற்கு ஈமான் தேவையில்லை. பஞ்சமே அதைக் கற்றுக்கொடுத்துவிடும். தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் கையை அடக்குவதுதான் சோதனை.

பெரியவர்கள் எடுப்பதைக் கேட்பதில்லையா?

மற்றொரு கேள்வியும் உண்டு. அணை கட்டுவோர் ஆற்றையே திருப்புகிறார்கள். அதிரப்பள்ளிக்கு மேலே 163 மெகாவாட் மின் திட்டம் ஒன்றைக் கொண்டுவரப் பல்லாண்டுகளாக முயற்சி நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் தலைமையிலான குழு, அதற்கு அனுமதி தரலாகாது என்று 2011-ல் பரிந்துரைத்தது. இவ்வளவு பெரிய விவகாரங்கள் இருக்க, ஒரு கைப்பிடித் தண்ணீரைப் பற்றிப் பேசுவது சிறுபிள்ளைத்தனம் அல்லவா?

பெரிய விரயத்தைக் கேள்வி கேட்க வேண்டியது கடமைதான். ஆனால் நம் கைப்பிடியைச் சரிசெய்யாமல் பிறரின் அணையைப் பற்றிப் பேசும் நாவுக்கு வலிமை இராது. மேலும், அந்த அணைகளின் பயனை நம் வயலிலும் நம் வீட்டு விளக்கிலும் நாமே அனுபவித்து வருகிறோம். எடுப்பவர்கள் வேறு யாரோ அல்லர்.

இடத்துக்கு உரியவர்கள்

கடைசியாக ஒன்று. வழிகாட்டி தடுத்தபோது நமக்கு ஏன் கோபம் வந்தது? காடு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்ற எண்ணம் நமக்குள் இருந்தது. வாழச்சால் பகுதியிலுள்ள பழங்குடி ஊர்களுக்கு, வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2014-ல் அந்தக் காட்டின் மீது சமூக உரிமை வழங்கப்பட்டிருக்கிறது. சட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அது அவர்களின் இருப்பிடம். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் திருக்குர்ஆன் கற்றுக்கொடுத்திருக்கிறது. கயிற்றுக்கு அப்பாலிருந்து “திரும்புங்கள்” என்ற சொல்லைக் கேட்டபோது அந்த வசனம் நமக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழியையும் நாம் அறிவோம். அந்தக் காட்டில் வழி தெரிந்தவர் அவர் ஒருவரே. அங்கே அமீர் அவர்தான், நாம் மஃமூம். பள்ளிவாசலில் முன்னால் நின்று பழகிய நமக்கு, பின்னால் நிற்பது எளிதாக இல்லை.

பின்னர் அதிரப்பள்ளிக்குச் சென்றோம். ஏறத்தாழ எண்பது அடி உயரத்திலிருந்து ஆறு பிளந்து விழுகிறது. சாரல் வெகுதூரம் பறந்து வந்து முகத்தில் படுகிறது. இப்படிப்பட்ட உல்லாசப் பயணங்களே வீண் செலவு என்று கருதுவோர் உண்டு. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி அல்லாஹ் தஆலா பல இடங்களில் ஏவியிருக்கிறான். பார்த்துவிட்டு என்ன கொண்டு திரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே செலவு வீணா, பயனா என்பது முடிவாகும்.

அடுத்த ஜும்ஆ பயானில் நம் தவறையும் சேர்த்தே இதைச் சொன்னோம். மதரஸாவில் உளூப் பாடம் நடத்தும்போது இப்போது ஒரு முத்து அளவுள்ள பாத்திரத்தை மாணவர்களின் கையில் கொடுக்கிறோம். முதல் நாளில் வலது காலை எட்டும் முன்பே பலருக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சில நாள்களில் பழகிக்கொண்டார்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் இதைச் செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை.

ஹாஜியார் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆற்றுக்குக் கணக்கில்லை என்றே சொல்லி வருகிறார். ஆனால் சென்ற வாரம் அஸருக்கு முன்னால், தமக்குப் பக்கத்தில் ஒரு பையன் மூடாமல் விட்டுச் சென்ற குழாயை அவர் எழுந்து சென்று மூடியதைக் கண்டோம். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

குறையாத நிஃமத்துகளின் நடுவே அளவறிந்து வாழும் பண்பை அல்லாஹ் தஆலா நம் எல்லாருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.