கவிழ்ந்த சீட்டும் காணாத கண்ணும்

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தது. அதன்பின் பல இரவுகள் கோட்டைப்பட்டினத்தில் விளக்கில்லை. கல்லூரி மாணவராயிருந்த நாம் ஊர் வந்து அகப்பட்டுக்கொண்டோம். படகுகள் கரையிலே, கைப்பேசியோ அணைந்துவிட்டது. அலமாரி அடியில் கிடந்த பழைய சீட்டுக்கட்டை எடுத்து, மெழுகுவத்தி ஒளியில் தன்னந்தனியே ஆடும் ஆட்டத்தை ஆடினோம். கணிப்பொறியிலே முன்பே ஆடிய ஆட்டந்தான். ஆனால் கையால் ஆடியபோதுதான் ஒன்று விளங்கிற்று: கணிப்பொறி நம்மைத் திருட விட்டதேயில்லை!

சீர்திருத்தம் பேசும் ஏட்டிலே சீட்டாட்டமா எனச் சினவாதீர், தோழர்களே! காசு வைத்தாடும் சூதைப் பற்றியன்று நம் பேச்சு. எதிராளியே இல்லாத ஆட்டம் இது. 52 சீட்டு, ஏழு வரிசை. முதல் வரிசைக்கு ஒன்று, ஏழாவதற்கு ஏழு. வரிசைக்கொரு சீட்டுத்தான் முகங்காட்டும். 21 சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். எஞ்சிய 24 கையிலே. சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு என இறங்குமுகமாக அடுக்கி, மறைந்திருப்பவற்றை ஒவ்வொன்றாக விடுவித்து, ஆஸ் முதல் ராஜா வரை இனம் இனமாகச் சேர்த்துவிட்டால் வெற்றி. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் அலுவலக மேசைகளில் குடியேறியது இதுவே.

கவிழ்ந்த சீட்டைக் கண்டவுடன் சிலருக்குத் தலையெழுத்து நினைவுக்கு வரும். "எல்லாம் முன்பே அடுக்கப்பட்டுவிட்டது, நம் கையில் என்ன இருக்கிறது?" என்பர். அடுக்கியவர் யார்? கலைத்துப் போட்டவர் நாமல்லவா! கையிருப்பை மும்மூன்றாக எடுத்தாடும் முறையில், எல்லாச் சீட்டும் தெரிந்திருந்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 82 ஆட்டங்களை வெல்லலாம் என்று கணித்திருக்கிறார்கள். மீதி 18? எவ்வளவு திறமையாக ஆடினாலும் தோல்விதான். அதில் தோற்றவன் பாவியுமல்லன், அவன்மீது சனி பார்வையுமில்லை. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த கணித அறிஞர் உலாம், இதையொத்த தனியாட்டம் ஒன்றை ஆடிக்கொண்டே, இது வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார். கணக்குப் பிடிபடவில்லை. நூறு முறை ஆடி, வென்றதை எண்ணினால் என்ன என்று எண்ணினார். அணு ஆய்வுக்குப் பயன்பட்ட மாண்டி கார்லோ முறைக்கு அந்த எண்ணமே வித்து. சோதிடரை நாடவில்லை அவர்!

இருக்கட்டும். நம்மை அலைக்கழித்தது வேறொன்று. நான்காம் வரிசையில் ஒரு சீட்டு. அதன் கீழே இஸ்பேடு ஆஸ் இருந்தால் ஆட்டம் நமது. ஒரு விரல் நுனி தூக்கினால் போதும். வீட்டார் உறங்கிவிட்டனர். காணும் கடவுளும் இல்லை என்பது நம் கொள்கை. தூக்கினோம். ஆஸ் இருந்தது. வென்றோம். வென்ற பிறகு அந்தக் கட்டைத் தொடவே பிடிக்கவில்லை.

ஏன்? யாருக்கு நட்டம்? நண்பரொருவர் வாதிட்டார்: "மூடியதைத் திறப்பவன்தானே பகுத்தறிவாளன்! திரையை விலக்கியதற்கா வருந்துகிறாய்?" கூர்மையான கேள்வி, நெடுநாள் நம்மை மடக்கிற்று. இப்போது தோன்றும் விடை இது: திரையிலே இருவகை உண்டு. 'நீ படிக்காதே, நீ உள்ளே வராதே, ஏனென்று கேட்காதே' எனப் பிறர் நம்முன் தொங்கவிட்ட திரை ஒன்று. அதைக் கிழித்தெறிவது கடமை. சீட்டைக் கவிழ்த்தவரோ நாமே. காணாமல் ஆடுவேன் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சொல் அது. தமிழிலே இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்தது வேடிக்கை: தலைவிதியும் விதி, ஆட்டவிதியும் விதி. முன்னதை யாரோ எழுதினார் என்கிறார்கள்; பின்னதை எழுதியவர் நாம், அதற்குட்பட்டவர் நாம், மீறியவர் நாம், ஏமாந்தவரும் நாமே. கணிப்பொறியில் ஆடியபோது நேர்மையாளர் போலத் தோன்றினோம். அங்கே நேர்மைக்கு வேலையே இருக்கவில்லை. (ஆடியதைத் திரும்பப் பெறும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினோம் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம்.)

கடவுள் பார்ப்பார் என்ற அச்சம் போனால் ஒழுக்கம் போய்விடும் என்று நம்மை நோக்கிக் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மேடையிலே விடை சொல்வது எளிது. மெழுகுவத்தி முன்னே கடினம்.

இன்று நாம் ஆசிரியர். தேர்வறையில் வரிசைகளுக்கிடையே நடக்கிறோம், அந்தக் கணிப்பொறியைப் போலவே. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, நீங்களும் பார்க்காவிட்டால், பார்த்தெழுதினால் யாருக்கு என்ன?" மெழுகுவத்தி இரவை அவனுக்குச் சொன்னோம்.

"நீங்கள் தூக்கிப் பார்த்தீர்களா, ஐயா?"

"பார்த்தோம்."

வகுப்பே அமைதியாயிற்று. அடுத்த வாரத் தேர்வின்போது வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்துகொண்டோம். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. 31 விடைத்தாள்கள் வந்தன. அவற்றுள் இரண்டில் ஒரே பிழைகள், ஒரே இடங்களில். ஒன்று, கேள்வி கேட்டவனுடையது. மற்ற 29 தாள்களைத் திருத்திவிட்டோம். அவ்விரண்டும் மேசைமீது இருக்கின்றன. அவனை இன்னும் அழைக்கவில்லை.