வளர்ப்பவன் அறியாத வாடை

நாற்றம் என்னும் சொல்லின் வரலாறே ஒரு பாடம். பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த அச்சொல், இன்று தீய வாடையையே பெரிதும் குறித்து நிற்கிறது. மணத்தை நன்றென்றும் தீதென்றும் பிரிப்பதில் மூக்கோடு பழக்கமும் பங்கு கொள்கிறது. சாணம் மெழுகிய தரையின் வாடையைத் தூய்மை என்று போற்றிய அதே இல்லம், நாய் படுத்த மூலையின் வாடையை இழிவென்று ஒதுக்குகிறது. ஆகவே, வளர்ப்புப் பிராணிகளின் வாடையை வீட்டிலிருந்து போக்குவது எப்படி என்னும் எளிய வினாவுக்குள் ஓர் அறவினாவும் அடங்கியிருக்கிறது: போக்க வேண்டியது எதை, யார் பொருட்டு?

பேராக் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் பாரிட் புந்தார். பாரிட் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்று பொருள். 1906இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் இவ்வட்டாரத்து வயல்களுக்கு நீரூட்டுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்த தமிழர்கள் லயங்களில் வாழ்ந்தனர். அங்கே நாய் வாசலில் கிடந்தது. ஆடும் கோழியும் வீட்டின் பின்புறம் திரிந்தன. காற்றும் வெயிலும் மழையும் வாடையைக் கொண்டு சென்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போகவே, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிரும் அவ்வீடுகளில், வாசலில் கிடந்த நாய் கூடத்துக்குள் வந்தது; அதன் வாடை அயல்வீட்டுக்குள் சென்றது.

இங்கே இயற்கை ஒரு விந்தையைச் செய்கிறது. ஒரே வாடையைத் தொடர்ந்து நுகரும் மூக்கு, சில நிமிடங்களிலேயே அதனை உணர மறக்கிறது. பூனை வளர்ப்பவருக்குத் தம் கூடத்தின் வாடை தெரிவதில்லை. வாசலில் கால் வைக்கும் விருந்தினருக்கோ உடனே தெரிகிறது. மேல்மடைக்காரன் கலக்கிய நீரின் கலங்கலைக் கடைமடைக்காரன் அல்லவா காண்கிறான்? அதுபோலத் துன்பத்தை விளைவிப்பவர் ஒருவர், உணர்பவர் மற்றொருவர். ‘எனக்கொன்றும் தெரியவில்லையே’ என்னும் மறுமொழி உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் பொறுப்பிலிருந்து அது விடுவிக்காது. தன் புலன் சான்று சொல்ல இயலாத இடத்தில், அயலாரின் சொல்லைச் சான்றாக ஏற்பதே அறம். பல சமயத்தார் அருகருகே வாழும் ஊரில், நாயின் ஈரம் பட்டால் சமய முறைப்படி கழுவிக்கொள்ள வேண்டிய முஸ்லிம் அண்டை வீட்டாரும் உளர். அவர்கள் முகம் சுளிக்கும் முன்பே சுவரோரத்தைக் கழுவி வைப்பது அவர்களுக்குச் செலுத்தும் மரியாதையாகும்.

வாடை தெரிந்தபின் மனிதன் செய்யும் முதற்செயல் பெரும்பாலும் மறைப்பதே. சாம்பிராணி புகைக்கிறான்; நறுமணத் திரவியம் தெளிக்கிறான். வாடை அங்கேயே இருக்கிறது. பூனையின் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா எழுகிறது. யூரிக் அமிலமோ நீரில் எளிதில் கரையாத படிகமாகத் தரையின் துளைகளிலும் மெத்தையிலும் தங்கிவிடுகிறது. ஈரக்காற்றுப் பட்டதும் வாடை மீண்டும் கிளம்புகிறது. அதனை அடியோடு களைய வேண்டுமாயின், ஈரத்தை உடனே ஒற்றி எடுத்து, அப்படிகங்களைச் சிதைக்கும் நொதி கலந்த துப்புரவு நீர்மத்தை ஊற்றி, அது வேலை செய்யப் போதிய நேரம் விட்டு, நன்கு உலர்த்த வேண்டும். சிறுநீர்மீது குளோரின் வெளுப்பானை ஊற்றுவது கேடு. அம்மோனியாவோடு அது கலந்தால் நச்சுவாயு பிறக்கும். அவசரமாக மூடுபவனுக்கும் பொறுமையாகக் கழுவுபவனுக்கும் இடையே உள்ளது, குற்றத்தை மறைப்பவனுக்கும் திருத்திக்கொள்பவனுக்கும் இடையே உள்ள தூரமன்றோ?

மறைப்பதில் மற்றொரு தீங்கும் உண்டு. வாடை சில வேளைகளில் வாயில்லா உயிரின் முறையீடாகும். நாயின் காதில் எழும் கெட்ட வாடை உள்ளிருக்கும் நோயைக் காட்டலாம். வாயின் வாடை பல்நோயைக் காட்டலாம். மணல்தட்டை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழிக்கும் பூனை சிறுநீர்ப்பை நோயால் வருந்தலாம். அம்முறையீட்டை நறுமணத்தால் அடக்குவது, அழும் குழந்தையின் வாயைப் பொத்துவது போன்றது. மேலும், பீனால் கலந்த கிருமிநாசினியை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. அதனால் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு, மனிதன் தூய்மை என்று கருதியதே நஞ்சாகிறது.

எல்லாவற்றினும் கொடியது, வாடையைப் போக்க எண்ணி உயிரையே வெளியேற்றிவிடுவது. வீடு மாறும்போதோ, அயலார் குறை கூறும்போதோ, நாயைச் சந்தையருகிலும் செம்பனைத் தோட்ட ஓரத்திலும் விட்டுவருவோர் உளர். விலங்கின் தேவைகளைப் பேணும் கடமையை உரிமையாளர்மீது மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சுமத்துகிறது. சட்டம் சொல்லாவிடினும் நெஞ்சம் சொல்ல வேண்டாமா? ரப்பர்த் தோட்டத்தில் கட்டிப்பால் சுமந்தவர்களின் உடையிலும் உடலிலும் அதன் வாடை ஏறியிருந்தது. அது சோறளித்த உழைப்பின் வாடை. அதற்காக ஒருவரை அருவருத்து ஒதுக்குவது அநீதி என்பதை அறிந்த சமுதாயம், தானே விரும்பி அழைத்துவந்த உயிரை அதன் இயல்பான வாடைக்காகத் தெருவில் தள்ளலாமா?

உண்மையிலேயே பேண இயலாத நிலையும் வரலாம். ஆஸ்துமாவால் வருந்தும் குழந்தை இருக்கலாம்; முதுமை வந்து கைகால் ஓயலாம். அந்நிலையில் பொறுப்புள்ள வேறொருவரிடம் ஒப்படைப்பது கைவிடுதல் ஆகாது. ஆனால், குட்டியை வீட்டுக்குள் அழைத்து வருமுன்பே உணவுச் செலவோடு, நாள்தோறும் குனிந்து கழுவும் உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அயலாரின் மூச்சையும் வளர்த்த உயிரின் வாழ்வையும் ஒருங்கே காப்பது அவ்வுழைப்பே.