காளைக்கன்றுக்கு யார் பொறுப்பு?



கோயிலில் சிவன் சன்னதியை வலம் வரும்போது சண்டிகேசுவரர் முன் நின்று மெல்லக் கைதட்டிவிட்டு நகர்கிறோம். மேய்ப்பவன் ஒரு பசுவை அடித்ததைப் பொறுக்காமல், இனி நானே மேய்க்கிறேன் என்று முன்வந்த திருச்சேய்ஞலூர்ச் சிறுவர் அவர். பசுக்கள் அவரிடம் தாமாகவே பால் சொரிந்தன என்றும், மணலால் செய்த லிங்கத்துக்கு அந்தப் பாலால் அபிஷேகம் செய்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்தப் பசுக்களின் கன்றுகள் வளர்ந்து எங்கே போயின என்று நாம் யாரும் கேட்டதில்லை. சொந்தமாக ஒரு மாடு வைத்துக்கொண்ட பிறகே எங்களுக்கு அந்தக் கேள்வி வந்தது.

2015-ல் ஹூஸ்டனுக்கு மேற்கே எட்டு ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினோம். பன்னிரண்டு கோழி, இரண்டு ஆடு, 2017-ல் லட்சுமி என்ற ஜெர்சிப் பசு. காலை ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, தீ எறும்புக் கடி வாங்கி, பால் கறந்து, பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்துக்கு அனுப்புவதற்குள் பாதி நாள் போனதுபோல் இருக்கும். ஆனாலும் பிரதோஷத்துக்கு வீட்டுப் பாலைக் குடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது இருந்த பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

2018-ல் பிறந்தது காளைக்கன்று. பக்கத்து நிலத்துக்காரர், பெயர் வைக்காதீர்கள், பிறகு விற்க முடியாது என்று எச்சரித்தார். அவர் வளர்ப்பது திமிலுள்ள மாடுகள். நெல்லூர், கிர் போன்ற நம் நாட்டு இனங்களிலிருந்து இங்கே உருவாக்கிய இனம். அதன் பெயர் பிராமன், வளர்ப்பதோ இறைச்சிக்கு! இந்த வேடிக்கையை அவருக்கு விளக்க முயன்று தோற்றோம். எங்கள் மகள் கன்றுக்கு நந்தன் என்று பெயர் வைத்துவிட்டாள். ஜெர்சிக் காளை வளர்ந்தால் ஆபத்தானது என்பதால் காயடித்து வைத்துக்கொண்டோம்.

மாடு ஈனாமல் பால் இல்லை. பால் குறைந்ததும் சினை ஊசி போட்டோம். 2019-ல் இரண்டாவது கன்று, அதுவும் காளை. இந்த முறை பெயர் வைக்கவில்லை. ஏழாம் மாதம் ஏலச் சந்தையில் விற்றோம். 400 டாலர் கிடைத்தது. மகள் பள்ளியிலிருந்து வந்து தொழுவத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, அவனை வாங்கினவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். "நமக்குத் தெரியாதும்மா" என்றோம். அது பொய். காயடித்த ஜெர்சிக் கன்றை டெக்சாஸில் எதற்கு வாங்குவார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிரவு அவள் பால் குடிக்கவில்லை.

புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர், தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு விற்பவரும் இருக்கமாட்டார் என்று வாதிடுகிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் நாம் வாங்குபவர் அல்லவே என்று நிம்மதியடைந்திருக்கிறோம். அந்தச் சந்தையில் நாங்கள் விற்பவராக நின்றோம். அதைவிடச் சங்கடமானது ஒன்று உண்டு. அந்த 400 டாலரில் நந்தனுக்கு வைக்கோல் வாங்கியிருந்தோம். தம்பியை விற்று அண்ணனுக்குத் தீனி போட்டிருக்கிறோம்.

கோயிலில் சில அன்பர்களிடம் இதைச் சொன்னபோது, நம் முன்னோர் பால் குடிக்கவில்லையா, அவர்களும் பாவிகளா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. முன்னோர் காலத்தில் காளைக்கு வேலை இருந்தது. ஏரும் வண்டியும் கவலையும் அதை நம்பியே ஓடின. காளைக்கன்று பிறந்தால் வீட்டுக்கு வரவு. பால் குடிப்பதும் கொல்லாமையும் ஒரே வீட்டில் இருக்க முடிந்ததற்கு அந்த ஏர் ஒரு பெரிய காரணம். டிராக்டர் வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது; பால் மட்டும் நின்றுவிட்டது. பிள்ளைகளின் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாடு கட்டி வாழ்ந்தவர். அவர் அந்தக் காலத்தைப் பற்றியும் மிகைப்படுத்த விடவில்லை: "கிழட்டு மாட்டைத் தரகன் ஓட்டிக்கிட்டுப் போவான். எங்கேன்னு உங்க தாத்தா கேட்கவும் மாட்டார், அவன் சொல்லவும் மாட்டான்."

கடைப்பாலில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே கன்று கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இருபது ஆண்டு வாழக்கூடிய பசுவைப் பெரிய பண்ணைகளில் ஐந்தாறு வயதிலேயே கழித்துவிடுகிறார்கள். முட்டைக்கும் இதே கணக்குத்தான். முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுவது வழக்கம். ஜெர்மனி அதை 2022-ல் சட்டத்தால் தடுத்தது. தபாலில் வந்த எங்கள் பன்னிரண்டும் பெட்டையாக இருந்தது எப்படி என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

எல்லாக் கன்றுகளையும் வைத்துக்கொள்ளலாமே என்றால், எட்டு ஏக்கர் புல் நான்கு மாட்டுக்குத்தான் காணும். 2022-ன் வறட்சியில் இரண்டுக்கே போதாமல் வைக்கோலுக்கு அலைந்தோம். ஆண்டுக்கொரு கன்று என்றால் சில ஆண்டுகளிலேயே நிலம் நிறைந்துவிடும். இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒருவர் பாலையே விட்டுவிடலாம் என்கிறார். மற்றவருக்குத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்று: இனி லட்சுமிக்குச் சினை ஊசி இல்லை. இரண்டாம் கன்றுக்குச் சுரந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக 2021 கோடை வரை கறந்தோம். பிறகு வற்றிவிட்டது. அதற்கு முன், அந்த ஆண்டு பிப்ரவரிப் பெருங்குளிரில் குழாயெல்லாம் உறைந்து கிடக்க, வெந்நீர் சுமந்து இரண்டுக்கும் ஊற்றியபோது, பால் தரும் மாட்டுக்கு ஒரு வாளி, தராத மாட்டுக்கு ஒரு வாளி என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது பிரதோஷத்துக்குக் கடையில் வாங்கிய ஒரு காலன் பாலைத்தான் கொண்டுவருகிறோம். கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகள், இதற்கும் கன்று உண்டே அப்பா என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் நிலத்தில் இன்னும் இரண்டு மாட்டுக்கு இடம் இருக்கிறது. நம் கோயில் குடும்பங்களில் யாரேனும் காளைக்கன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவித்தால், ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் சனிக்கிழமை காலை மடப்பள்ளியில் எங்களை வந்து பாருங்கள். வைக்கோல் செலவில் பாதி பகிர்ந்துகொண்டால் நலம், முடியாவிட்டாலும் வாருங்கள்.