தெரியாது என்று சொல்வதும் இல்முதான்



எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் படைத்த அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இன்று என் தவறு ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் சிதம்பரத்தில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்தேன். தாரிக் சூராவில் வரும் துளைக்கும் நட்சத்திரம் கருந்துளைதான் என்று மிம்பரில் நின்று அடித்துச் சொன்னேன். அது வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. தொழுகை முடிந்ததும் இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஸலாம் சொல்லி, மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், கருந்துளைக்குள் போன வெளிச்சம் வெளியே வராதே. அது எப்படி அந்த நட்சத்திரமாகும்?"

என்னிடம் பதில் இல்லை. கடலூர் திரும்பியதும் தஃப்ஸீர் இப்னு கஸீரைத் திறந்தேன். ஒளிரும் நட்சத்திரம் என்றே இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் விளக்கம் இருந்தது. பிறகு அந்தத் தம்பியிடமே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கப்பலிலேயே கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தில் மிஞ்சுவது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால், அது வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியாது, மேலும் சுருங்கும். 1935-ல் லண்டன் சபையில் இதைச் சொன்னபோது, பேரறிஞர் எடிங்டன் எல்லோர் முன்னிலும் கேலி செய்தார். கணக்கு போய்ச் சேர்ந்த இடத்தை அவர் மனம் ஏற்கவில்லை. சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது.

"கருந்துளையின் நடுவில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டேன். பெரியவற்றின் ஈர்ப்பைச் சொல்ல ஐன்ஸ்டீனின் 1915-ஆம் ஆண்டு விதி. அணுவுக்குள் நடப்பதைச் சொல்ல குவாண்டம் விதி. அங்கே இரண்டும் ஒருசேர வேண்டும். ஆனால் இரண்டும் பொருந்தவில்லை. கருந்துளை கதிர்வீசித் தேயும் என்று 1974-ல் ஹாக்கிங் சொன்னார். அப்படித் தேய்ந்துபோனால், உள்ளே விழுந்தவற்றின் விவரம் என்னவாகும்? "முடிவான பதில் இன்னும் தெரியாது ஹஜ்ரத், தேடுகிறார்கள்" என்றார் தம்பி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. உனக்கு அறிவில்லாததைப் பின்தொடராதே என்று இஸ்ரா சூராவில் ரப்பு எச்சரிக்கிறான். நீ கற்றுத்தந்தது தவிர எங்களுக்கு எதுவும் தெரியாது என்று மலக்குகளே சொன்னார்கள். தொலைதூரத்திலிருந்து கேட்டு வந்தவருக்கும் இமாம் மாலிக் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் கொடுத்தார்கள்.

சகோதரர்களே! நம் யூகத்தைக் குர்ஆன் மீது ஏற்றினால், நாளை அது பொய்யாகும்போது நம் பிள்ளைகள் நம்மைச் சந்தேகிக்க மாட்டார்கள்; குர்ஆனைச் சந்தேகிப்பார்கள். விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை பார் என்று ஏளனம் செய்வதும் முறையல்ல. தேடச் சொன்னது நம் மார்க்கம்.

அதே சிதம்பரம் பள்ளிக்கு மீண்டும் சென்று, அதே மிம்பரில் என் பேச்சைத் திருத்திவிட்டேன். நீங்களும் ஒரு செய்தியை அனுப்புமுன் தெரிந்தவரிடம் கேளுங்கள். இன்று இஷாவுக்குப் பிறகு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று வானத்தைப் பாருங்கள். தெரிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ், தெரியாததற்கு அல்லாஹு அஃலம் என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனுள்ள கல்வியை அதிகமாக்குவாயாக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.